எட்டின் இடது பாதி

கைப்பைக்குள் பஞ்சு இருக்கிறது. மருந்துக்கடைப் பஞ்சு, நீலக் காகிதம் சுற்றியது. கூடவே இருமல் மருந்துக் குப்பியில் கால்வாசி தேங்காய் எண்ணெய். காய்ந்த சந்தனம் தண்ணீருக்குக் கரையும், ஆனால் குங்குமம் தகடு முழுக்கப் பரவிவிடும். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வழித்துக்கொண்டு வந்துவிடும். காலையில் இட்லி ஊற்றும்போதே இதையெல்லாம் யோசித்து எடுத்து வைத்துவிட்டேன். யோசிக்கத் தெரிகிறதே, அதுவே ஒரு ஆறுதல். பஸ் பெருமாநல்லூர் ரோட்டில் நின்று நின்று போகிறது. மணி ஒன்று பத்து. மூன்று மணிக்குள் ஆபீசுக்குத் திரும்பினால் போதும், ஐந்து மணிக்குள் விண்ணப்பப் பாரம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். இன்று பதினைந்தாவது நாள். பதிவு ஆபீசில் திருப்பி அனுப்பியதைத் திருத்தி அனுப்பப் பதினைந்து நாள் கொடுக்கிறார்கள், அதற்குமேல் பாரம் செத்துப்போகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டும், பாங்கு முகத்தைச் சுளிக்கும், பனியன் துணிக் கம்பெனி நடத்தும் தவமணியின் இரண்டாவது மிஷின் துறைமுகத்துக் குடோனிலேயே கிடக்கும். ஒரு கம்பெனி கடனில் மிஷின் வாங்கினால் அந்த மிஷின்மேல் பாங்குக்குப் பிடிமானம் இருக்கிறது என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பாரத்தைப் போடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு வேலையா என்பாள். மடியில் கத்தரிக்காய் நாற்று வைத்திருக்கிறாள். ஈரச் சாக்கு என் சேலையில் படுகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, நகரவில்லை.

அரசி மேடம் போட்ட பாரம் திரும்பி வராது என்று பாங்கில் சொல்வார்கள். மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காகிதத்தைப் பார்த்துக் காகிதம் எழுதாதே, பொருளைப் போய்ப் பார். பாங்கின் கடன் பத்திரத்தில் ஒரு ஊசி என்று இருந்தால் ஊசியைப் பார்த்துவிட்டு வா. அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், நீள நோட்டு, காலிகோ அட்டை. எந்த மிஷினையும் நேரில் பார்த்து, தகட்டு எண்ணை என் கையால் அதில் எழுதி, அதிலிருந்துதான் பாரத்துக்கு எடுப்பேன். தவமணியின் பாரம் திரும்பி வந்தபோது என் முதலாளி கோதண்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடி துடைப்பார். "என்ன அரசி, மிஷின் நம்பர்ல அஞ்சாவது, பத்திரத்துல எட்டுங்கறான், பாரத்துல மூணு போட்டிருக்கே. ரெண்டும் ஒத்துப்போகலேன்னு அனுப்பிட்டான்." நோட்டைப் பார்த்தேன். மூணுதான். இரண்டு, இரண்டு, சைபர், ஆறு, மூன்று, ஒன்று, நான்கு. என் கையெழுத்து, சந்தேகமே இல்லை. "அப்போ பத்திரம்தான் சார் தப்பு" என்றேன். "சரி, எட்டுன்னு மாத்தி அனுப்பிடு, வேலை முடிஞ்சுது." "தகட்டுல மூணு இருந்தா, எட்டு நம்பர் மிஷின்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல சார். இல்லாத மிஷின்மேல பாங்குக்கு எதுக்குப் பிடிமானம்?" அவர் சிரித்துவிட்டார். "நீ சொன்னா சரி. பத்திரம்தான் தப்புன்னா இப்பவே சொல்லு, பாங்குல மாத்தித் தரணும்." பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லிப் பதினாலு நாள். ஜெனிட்டா பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, அந்தம்மாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். வெளிச்சம் பட்டு மின்னும், எண் தெரியாது என்றேன். அது உண்மை இல்லை. போட்டோ வந்தால் ஜெனிட்டாவும் பார்ப்பாள், சாரும் பார்ப்பார். எதுவாக இருந்தாலும் முதலில் நான் தனியாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கவும் தைரியம் வராமல்தான் பதினாலு நாளை ஓட்டினேன். தீபாவளி நெருக்கம், வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பிடிபட்டது. சந்தனம். எட்டின் இடது பாதியை மறைத்தால் மூன்று. எவ்வளவு சின்ன விஷயம்! தண்ணீர் குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். இந்த ஊரில் எந்த மிஷினுக்கும் ஒரு நெற்றி உண்டு. தறியோ, கட்டிங் மேஜையோ, பாய்லரோ, பொட்டு வைக்கப் போகிறவன் அதன் முகம் எங்கே என்றுதான் தேடுவான். கண் உயரத்தில் பளபளவென்று ஒரு தகடு இருந்தால் விடுவானா? சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் அப்பி, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. பழையது உதிராது, மேலே மேலே ஏறும். எத்தனை தகடுகளை நகத்தால் சுரண்டியிருக்கிறேன்! தவமணி கம்பெனியில் அன்று பார்த்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. உருண்டையான பின்னல் மிஷின், உச்சியில் நூல் கண்டுகள் வட்டமாக, பக்கவாட்டில் தகடு, தகட்டின் மேல்விளிம்பிலிருந்து ஒழுகிக் காய்ந்த மஞ்சள், நடுவில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. எண்ணின் நடுவே அது ஏறியிருக்கிறது. எட்டு பாதி மூழ்கி மூன்றாகக் கரையேறியிருக்கிறது. யாராக இருந்தாலும் மூன்று என்றுதான் எழுதியிருப்பார்கள். ஜெனிட்டா எழுதியிருப்பாள், சார் எழுதியிருப்பார். வெடிப்புக்கூட ஞாபகம் இருக்கிறது, பாருங்கள், வெடிப்பு.

இதை யாரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வண்டிச் சாவி அரிசி டப்பாவுக்குள் கிடந்ததற்கு ஒரு பதில்: அரிசி அளக்கும்போது போன் வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் பேர் வாயில் வராமல் "பாப்பா" என்று சமாளித்ததற்கு ஒரு பதில்: அவளை எல்லோரும் பாப்பா என்றுதானே கூப்பிடுகிறார்கள். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டதற்கு இவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். இவருக்கு என்னைவிட மோசம். தினமும் காலையில் கதவைப் பூட்டி, தெருமுனை வரைக்கும் வண்டியை ஓட்டி வந்து, "அடடா, ஹெல்மெட்" என்பார். என்னை இறக்கி நிழலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போவார். ஐந்து நிமிஷம் ஆகும். ஒரு நாளா இரண்டு நாளா, நாலு மாசமாக இதே கதை. "இந்த வயசுல இப்படி மறந்தா அறுபதுல என்னைய யாருன்னு கேப்பீங்க போல" என்று போன வாரம்கூடச் சொன்னேன். "உன்னய மறந்தா சோறு யாரு போடுவா" என்றார். பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் குத்தினேன். சிரித்தோம். பஸ் மறுபடி நிற்கிறது. நாற்று வைத்திருந்த அம்மாள் இறங்குகிறாள். சேலையில் ஈரம் வட்டமாகத் தங்கிவிட்டது. எனக்கு நாற்பத்தொன்பது. அப்பாவுக்கு மறதி தொடங்கியபோது ஐம்பத்து நாலு. கணக்குப் போடக் கூடாது என்றுதான் இருக்கிறேன், ஆனால் எண்களோடு பழகிய மூளை, தானாகவே கழித்துவிடுகிறது.

அப்பா தாராபுரத்தில் மின்சார வாரியத்தில் ரீடிங் எடுத்தார். ஒரு நாளைக்கு நூறு வீடு. மீட்டரைப் பார்ப்பார், பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டையில் எழுதுவார், அடுத்த வீடு. நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைக்காது. ஒரு மாசம் பதினாலாம் நம்பர் வீட்டு ரீடிங்கைப் பதினைந்தாம் நம்பர் வீட்டிலும் எழுதிவிட்டார். வீட்டுக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டார். "மீட்டர் கண்ணாடியில நூலாம்படைங்க, தெரியல" என்றார் அப்பா. அடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் காலேஜ் முதல் வருஷம், பஸ் ஏறப் போகிற வழி அது. மாடிப்படிக்கு அடியில் மீட்டர். நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. ஒரு தூசி இல்லை, யாரோ வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிற கண்ணாடி. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து, சுத்தமான அந்தக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். நாலு மூலையும் துடைத்தார். "இப்பத் தெரியுது பாரு" என்றார் என்னிடம். நான் "ஆமாப்பா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் வேலைக்குப் போனார். எப்படிப் போனாரோ. ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் நின்றாரோ. ஆனால் என்னுடையது அது இல்லை. என்னுடையதில் நிஜமாகவே சந்தனம் இருக்கிறது. எண்ணெய் தொட்டு ஒரு இழு இழுத்தால் எட்டு வெளியே வரும், அதன்பின் நானும் வெளியே வந்துவிடுவேன்.

இறங்கியாகிவிட்டது. வெயில். வேப்பமரம், லாரி எடைமேடை, இடதுபக்கம் தகரக் கூரை. வழி ஞாபகம் இருக்கிறது, ஒருவரையும் கேட்கவில்லை. இதையும் யாரிடமோ சொல்கிறேன். வாசலிலேயே தவமணி வந்துவிட்டாள். குட்டையான உருவம், தலையெல்லாம் பஞ்சுத் தூசி, வயது நாற்பதுகூட இருக்காது, பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறாள். "வாங்க மேடம், வாங்க வாங்க. இந்த வெயில்ல இத்தன தூரம் எதுக்குங்க? ஒரு போனு போட்டிருந்தா நானே போட்டோ எடுத்து அனுப்பியிருப்பனுங்களே." "நேர்ல பாக்கணும் தவமணி. ஒரு சின்னச் சந்தேகம்." "பாரம் திரும்பிருச்சுன்னு ஐயா சொன்னாருங்க. எங்க பக்கம் ஏதாச்சும் தப்புங்களா?" அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் செம்பைக் கொடுத்தாள், மோர், மேலே கறிவேப்பிலை. குடித்தேன். "உங்க பக்கம் ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஏத்திடுவோம்" என்றேன். "இல்லீங்க, அந்த ரெண்டாவது மிஷின் வந்துதான் தீபாவளி முடிஞ்சு ஆர்டரே புடிக்கோணும், அதான் மனசு அடிச்சுக்குது" என்று சொல்லிவிட்டு, சொன்னதே அதிகம் என்பதுபோல உள்ளே திரும்பி, "மாரிச்சாமி, மிஷின நிறுத்துப்பா, மேடம் வந்திருக்காங்க" என்று கத்தினாள். நடுவில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நின்றது. சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து பஞ்சைப் பிய்த்து எடுத்தேன். குப்பியின் மூடியைக் கழற்றினேன். எண்ணெய் பஞ்சில் இறங்கியது. மிஷினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

தகடு சுத்தமாக இருந்தது. பொட்டு இருந்தது, ஆனால் தகட்டில் இல்லை. ஒரு சாண் தள்ளி, வெறும் இரும்பில், சந்தனம் ஒழுங்காக வட்டமாக, நடுவில் குங்குமம், ஒரு காய்ந்த சாமந்தி இதழ். தகட்டைச் சுற்றி மட்டும் ஒரு துளி மஞ்சள் இல்லை. வெள்ளித் தட்டுப்போல மின்னியது. "அந்தத் தகட்டுல மட்டும் பொட்டு வெக்கலீங்க" என்றாள் தவமணி பின்னாலிருந்து, சந்தோஷமாக. "நீங்கதான் அன்னைக்குச் சொல்லீட்டுப் போனீங்களே. ஆவணியில மிஷின் வந்து எறங்குன அன்னைக்கு. கவரக்கூட முழுசாப் பிரிக்கல, நீங்க கர்ச்சீப்புல தகட்டத் தொடச்சு எழுதிக்கிட்டீங்க. அப்ப சொன்னீங்க, ஊரெல்லாம் நம்பர்மேலதான் பொட்டு வெக்கறாங்க, நீங்களாச்சும் நம்பர வுட்டுட்டு வேற எங்கயாச்சும் வெய்யுங்க, நான் நகத்துல சொரண்ட முடியாதுன்னு. எல்லாரும் சிரிச்சமே! இந்த ஆயுத பூசைதானுங்க இதுக்கு மொதப் பொட்டு. மாரிச்சாமி பழக்கதோசத்துல சந்தனத்த அங்கயே அப்பப் போனான், நாந்தான் கையத் தட்டிவுட்டேன். மேடம் வைஞ்சுருவாங்கன்னு." மாரிச்சாமி தலையைச் சொறிந்தான். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் சொல்லியிருக்கிறேன். என் பேச்சுதான் அது, என் வார்த்தைகள்தான், நகத்தால் சுரண்டுவது உள்பட. ஆனால் எனக்குள் தேடினால் அந்த நாள் அங்கே இல்லை. அங்கே இருப்பது சந்தனம், ஒழுகல், வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. ஏதோ ஒரு வேறு மிஷினுடையது, வேறு வருஷத்தினுடையது. யார் அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினார்கள்? தகட்டைப் பார்த்தேன். எண் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஐந்தாவது எண் எட்டு. இரண்டு வட்டமும் முழுசாக, ஒரு குழந்தை படிக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் அதைப் பார்த்து, மூன்று என்று எழுதியிருக்கிறேன்.

கையில் பஞ்சு. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. கை தகட்டை நோக்கிப் போகிறது. துடைக்க வேண்டும்போல இருக்கிறது, நாலு மூலையும். துடைத்துவிட்டு, இப்பத் தெரியுது பாரு என்று சொல்ல வேண்டும். தவமணி ஆமாங்க என்பாள். நல்லவள், சொல்லிவிடுவாள். எல்லாரும் திரும்ப வேலைக்குப் போய்விடுவார்கள், நான் பஸ் ஏறிவிடுவேன், பிறகு இரண்டு வருஷம். அந்த மாடிப்படிக்கு அடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. பஸ்ஸை விட்டிருக்க வேண்டும். அப்பா, நான் படிக்கறேன், நீங்க எழுதுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். பதினாறாம் வீட்டுக்கும் பதினேழாம் வீட்டுக்கும் கூடப் போயிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவு தூரம் இறங்கி வரவேண்டும் என்று இந்த இரண்டு நிமிஷத்தில்தான் தெரிகிறது. "ஏனுங் மேடம், ஒரு மாதிரி இருக்கறீங்க? உக்காருங்க. ஃபேனத் திருப்புடா." "இல்ல தவமணி" என்றேன். பஞ்சை நீலக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போட்டேன். காலிகோ நோட்டைப் பிரித்தேன். மூணு இருந்த வரியை ஒரே கோடாக அடித்தேன். "தப்பு என்னோடதுதான். அன்னைக்கே தப்பா எழுதிட்டேன். தகட்டுல ஒண்ணுமே இல்ல, நான்தான்." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க நம்பரைப் படிங்க, ஒவ்வொண்ணா. நான் எழுதறேன். அப்புறம் நான் படிக்கறேன், நீங்க தகட்டப் பாத்து சரியான்னு சொல்லுங்க." தவமணி என்னைப் பார்த்தாள். முகத்தில் என்ன தெரிந்ததோ, ஏன் என்று கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தகட்டுக்கு அருகில் போய், விரலை ஒவ்வொரு எண்ணின்கீழும் வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோலச் சத்தமாகப் படித்தாள். "ரெண்டு. ரெண்டு. சைபர். ஆறு. எட்டு." அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். நான் எழுதி முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. "ஒண்ணு. நாலு." திரும்பப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றாள். மாரிச்சாமியும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆமாங்க மேடம், எட்டுதானுங்க" என்றான், கேட்காமலே.

ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். "நான் சொல்றேன், நீ அடி. அடிச்சுட்டு எனக்குப் படிச்சுக் காட்டு. அப்புறம் பத்திரத்த எடுத்து ஒருதரம் பாரு. அப்புறம் சாருக்கிட்ட கையெழுத்துக்குக் குடு." "நீங்க வரலியா அக்கா? நீங்க பாக்காம பாரம் போனதே இல்லியே." "வந்துட்டே இருக்கேன். ஆனா நீ பாத்தாப் போதும். இனிமே ரெண்டு பேரும் பாப்போம், எந்தப் பாரம்னாலும்." அந்தப் பக்கம் சாவிகள் தட்டும் சத்தம் கேட்டது. படித்தாள். எட்டு என்று கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். "சார் என்ன தப்புன்னு கேப்பாரு அக்கா, என்ன சொல்ல?" "அரசி தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லு." அவள் பத்திரக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் சொல்ல மாட்டேன், நீங்களே வந்து சொல்லிக்கோங்க" என்றாள். சிரிப்பு வந்தது. உள்ளே மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தவமணி எடைமேடை வரைக்கும் கூட வந்தாள். "பாரம் ஏறுனதும் போன் பண்றேன். அவங்க ஏத்துக்கிட்டாங்களான்னு தெரிய ரெண்டு நாள் ஆகும்" என்றேன். "ஏத்துக்குவாங்க, போங்க. அந்தத் தகட்ட நாங்க எப்பயும் சுத்தமாவே வெச்சிருக்கறோம்" என்றாள். கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். எண்ணெய்க் கை. அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வேப்பமரத்து நிழலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஐந்து நிமிஷம். தெருமுனையில் தினமும் நிற்கிற அதே ஐந்து நிமிஷம். ஒரு ஹெல்மெட் எடுக்க ஐந்து நிமிஷம் எதற்கு? வாசலிலேயே ஆணியில் தொங்குகிறது அது. கதவைத் திறந்தால் கைக்கு எட்டும். சமையலறை வரைக்கும் போய், அடுப்பைப் பார்த்து, மோட்டார் சுவிட்சைப் பார்த்து, பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தால் ஐந்து நிமிஷம் ஆகும். நாலு மாசம். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொல்லாமல். மறதிக்காரன் என்று என்னிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு. போனை எடுத்தேன். சாயப்பட்டறை லேபில் இருப்பார், பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். "சொல்லு" என்றார். "ஏங்க, தினமும் ஹெல்மெட்ட எதுக்கு மறக்கறீங்க?" தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டார்போல. "மறதிதான்" என்றார். "யாருக்கு?" பேச்சை மாற்றினார். "எங்க இருக்க? சாப்பிட்டியா?" "மோர் குடிச்சேன். ஏங்க, அடுப்பு எத்தனை நாள் எரிஞ்சுட்டிருந்துச்சு?" "ரெண்டு நாள்தான்" என்றார், உடனே. உடனே சொன்னதால் இரண்டு இல்லை என்று தெரிந்தது. "கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் பேரு எழுதி வெச்சிருக்கேன் அரசி. பர்சுலயே கெடக்குது, ஒரு மாசமா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." "இப்பச் சொல்லிட்டீங்கல்ல." தூரத்தில் பஸ் தெரிந்தது. வெயிலில் தண்ணீர்போல அசைந்து வந்தது. "நாளையிலருந்து ஹெல்மெட்ட மறக்காதீங்க. கதவப் பூட்டறதுக்கு முன்னாடி சேந்தே பாப்போம். நீங்க ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் பாத்துத் திருப்பிச் சொல்றேன்." "அடுப்பு" என்றார் மெதுவாக, இப்போதே, அங்கிருந்தபடியே. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்கிறான். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "மூடியாச்சு" என்றேன்.